எழுப்ப ஒரு விரல்

வியாழன், காலை

பேருந்தை விட்டு இறங்கியதும் நேரே பேராலயத்துக்குப் போகவில்லை. ஓதுனில் பன்னிரண்டாம் நூற்றாண்டு ரோமனெஸ்க் கலையைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் ஊரின் வடக்கே இருக்கும் ஆரூ வாயிலைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் உள்ள இந்தச் சிற்றூர் அகஸ்டஸ் சீசர் காலத்தில் ரோமானியர் நிறுவியது. அவர்கள் எழுப்பிய கோட்டை வாயில் இன்னும் நிற்கிறது. கீழே வண்டிகளுக்கு இரண்டு பெரிய வளைவுகள், நடந்து போகிறவர்களுக்கு இரண்டு சிறிய வளைவுகள். மேல்தளத்தில் வரிசையாக அரைத்தூண்கள். ஒவ்வொன்றிலும் மேலிருந்து கீழாக ஓடும் பள்ளவரிகள். அந்த வரிகளைக் கண்ணில் வாங்கிக்கொண்டு, தெற்கே மேட்டுத் தெருக்களில் ஏறினேன்.

முற்பகல்

புனித லாசர் பேராலயம். 1120ஐ ஒட்டித் தொடங்கிய கட்டடம். இயேசு உயிர்த்தெழச் செய்த லாசரின் எலும்புகள் என்று நம்பப்பட்டவை 1146இல் இங்கே கொண்டுவந்து வைக்கப்பட்டன. தொழுநோயாளிகள் உட்படப் பெருங்கூட்டம் இந்தப் படிகளில் ஏறியிருக்கிறது. அவர்களை வரவேற்றது, வாசலுக்கு மேலே அரைவட்டமாக விரியும் இறுதித் தீர்ப்புச் சிற்பம். நடுவே இரு கைகளையும் விரித்து அமர்ந்திருக்கும் கிறிஸ்து மற்ற எல்லோரையும்விடப் பன்மடங்கு பெரியவர்.

முதலில் கண்ணில் படுவது அவர்தான். ஆனால் நின்று பார்க்கப் பார்க்க, என்னைப் பிடித்துக்கொண்டவை கீழே உத்தரக்கல்லில் வரிசையாக எழுந்து நிற்கும் சிறு மனிதர்களின் கைகள். கல்லறையிலிருந்து நிர்வாணமாக எழுந்திருக்கிறார்கள். இருவரின் தோளில் மட்டும் பை தொங்குகிறது. ஒன்றில் சிலுவை, மற்றொன்றில் கிளிஞ்சல். எருசலேமுக்கும் ஸ்பெயினின் சந்தியாகோவுக்கும் யாத்திரை போய் வந்தவர்கள். சாவுக்குப் பிறகும் பையை விடவில்லை. ஒரு வானதூதரின் ஆடையைச் சிறு உருவங்கள் பற்றித் தொங்குகின்றன. வலப்பக்கம் தண்டனை பெற்றவர்கள். அவர்களில் ஒருவனின் தலையை மேலிருந்து இறங்கிய இரண்டு பெரிய கைகள் கவ்விப் பிடித்திருக்கின்றன. கைகளுக்கு உரிய உடல் எங்கும் இல்லை. நகம் பதிந்த அந்தப் பிடியில் அவன் வாய் பிளந்து அலறுகிறான். அதற்கு மேலே ஆன்மாக்களை நிறுக்கும் தராசு. பேய் அதைத் தன் பக்கம் இழுக்கிறது. தூதர் மிக்கேலின் அங்கி மடிப்பில் இரண்டு சிறு ஆன்மாக்கள் ஒளிந்துகொண்டிருக்கின்றன.

இவ்வளவு அச்சத்தைச் செதுக்கியவன் அஞ்சுகிறவர்களை வெறுக்கவில்லை. அதுதான் எனக்கு இந்தச் சிற்பத்தின் பெருமை.

கிறிஸ்துவின் காலடியில் ‘கிஸ்லெபெர்த்துஸ் இதைச் செய்தார்’ என்று இலத்தீனில் பொறித்திருக்கிறது. சிற்பியின் கையொப்பம் என்றே பலரும் எழுதி வந்தார்கள். லிண்டா சைடல் என்ற கலை வரலாற்றாளர், அது லாசரின் எலும்புகளோடு தொடர்புடைய முற்காலப் பிரபு ஒருவரின் பெயர் என்று 1999இல் வாதிட்டார். பெயர் யாருடையதாக இருந்தாலும், கைகளை இப்படிக் கவனித்த ஒரு மனம் இங்கே வேலை செய்திருக்கிறது.

1766இல் பேராலயத்துக் குருக்களுக்கு இது நாகரிகமற்ற பழைய வேலையாகத் தோன்றியது. முழுவதையும் சாந்து பூசி மூடினார்கள். கிறிஸ்துவின் தலை துருத்திக்கொண்டு நின்றதால் அதை உடைத்து எடுத்தார்கள். பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் கோயில் சிற்பங்களை நொறுக்கிய காலத்தில் இங்கே அவர்கள் பார்த்தது வெறும் சாந்துச் சுவரைத்தான். 1837இல் சாந்தைக் களைந்தார்கள். தலை 1948இல்தான் உடலோடு சேர்ந்தது. ஊர் அருங்காட்சியகத்தில் கிடந்த ஒரு தலையை அடையாளம் கண்டு கொண்டுவந்து பொருத்தியவர் இதே பேராலயத்தின் குரு தெனி கிரிவோ.

உள்ளே நுழைந்ததும் காலையில் பார்த்த பள்ளவரிகள்! அதே ரோமானிய அரைத்தூண்கள் பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சுவர்களில் மேலே ஓடுகின்றன. கட்டியவர்களின் கண்முன்னே ஆரூ வாயில் நின்றது. ஆயிரம் ஆண்டுப் பழைய வடிவத்தைத் தங்களுடையதாகவே எடுத்துக்கொண்டார்கள். வளைவுகள் மட்டும் கூர்முனை கொண்டவை. குளூனி மடத்துப் பெருங்கோயிலின் வழி அது.

நண்பகல்

மாடியில் பழைய குருக்கள் கூடம். பேராலயத்தின் பெருந்தூண்களை 19ஆம் நூற்றாண்டில் பலப்படுத்தியபோது கழற்றிய போதிகைகள் இங்கே கண் மட்டத்தில் இருக்கின்றன. கீழே அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்த பிறகு இது பெரிய வரம். இயேசுவைக் காட்டிக்கொடுத்துத் தூக்கில் தொங்கும் யூதாஸ். கயிற்றை இழுக்கும் இரண்டு பேய்களுக்கு எவ்வளவு உற்சாகம்.

பிறகு, மூன்று அரசர்களின் கனவு. குழந்தை இயேசுவைப் பார்த்துத் திரும்பும் மூவரும் முடியைக்கூடக் கழற்றாமல் ஒரே போர்வைக்குள் படுத்திருக்கிறார்கள். ஏரோது மன்னனிடம் திரும்பிப் போகாதீர்கள் என்று எச்சரிக்கத் தூதர் வந்திருக்கிறார். ஒரு கை விண்மீனைக் காட்டுகிறது. மறு கையின் ஒரே ஒரு விரல், போர்வைக்கு வெளியே கிடக்கும் ஓர் அரசரின் கையைத் தொடுகிறது. தொடப்பட்டவரின் கண்கள் மட்டும் திறந்திருக்கின்றன. தூங்கும் பிள்ளையைத் தாய் எழுப்புவதுபோல, அந்த விரலில் அவசரமே இல்லை. வாசலில் தலையைக் கவ்விய அந்த இரு கைகளையும் இந்த விரலையும் ஒரே பட்டறை செதுக்கியது. இதைப் பார்க்க மட்டுமே ஓதுனுக்கு வரலாம்.

சாப்பாடு: ரொட்டி, சீஸ், பேராலயச் சதுக்கத்துப் பெஞ்சில்.

பிற்பகல்

பக்கத்திலேயே ரோலன் அருங்காட்சியகம். லாசரின் கல்லறையும் 1766இல்தான் உடைக்கப்பட்டது. அதிலிருந்து தப்பிய சிலைகளில் மார்த்தா இருக்கிறாள். இறந்து நான்கு நாளான சகோதரன் லாசரின் உடல் நாறுமே என்று துணியால் மூக்கை மூடி நிற்கிறாள். அற்புதத்தைச் சொல்ல வந்தவர்கள் நாற்றத்தையும் விடவில்லை.

கடைசியாக ஏவாள். வடக்கு வாசலின் உத்தரக்கல்லில் இருந்தவள். செடிகொடிகளுக்கிடையே கிடைமட்டமாக நீந்துகிற மாதிரிக் கிடக்கிறாள். வலக்கை கன்னத்தில், யாரிடமோ இரகசியம் சொல்கிறாள். இடக்கை பின்னால் போய், அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், பழத்தைப் பறிக்கிறது. ஓரத்தில் கிளையை அவள் பக்கம் வளைத்துக் கொடுக்கும் பேயின் நகங்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. வாசலைப் பிரித்தவர்களுக்கு இவள் வெறும் கட்டடக் கல். ஒரு வீட்டுச் சுவருக்குள் போனவள், 1856இல் அந்த வீட்டை இடித்தபோதுதான் வெளியே வந்தாள்.

அவள் யாரிடம் இரகசியம் சொன்னாளோ, எதிரே இருந்திருக்க வேண்டிய அந்த ஆதாம் இன்னும் கிடைக்கவில்லை. மேட்டுத் தெருக்களில் பழைய வீடுகள் ஏராளமாக நிற்கின்றன. இனி இங்கே எந்தச் சுவரை இடித்தாலும், ஒவ்வொரு கல்லையும் புரட்டி மறுபக்கத்தைப் பார்த்த பிறகே வண்டியில் ஏற்ற வேண்டும்.