தூக்கம் எத்ரயா?

கழக்கூட்டத்துக்கு வந்த முதல் வாரத்தில் அந்தக் கபடி வீரனிடம் பயிற்சியாளர் கேட்ட முதல் கேள்வி, "தூக்கம் எத்ரயா?" என்பதுதான். திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்திருந்த அவன் யோசிக்காமல், "ஏழு மணி நேரம் சார்" என்றான். களத்தில் நின்றவர்கள் சிரித்து ஓய்ந்த பிறகே, மலையாளத்தில் தூக்கம் என்றால் எடை என்பதும், தமிழர் தூக்கம் என்பதை அவர்கள் உறக்கம் என்பார்கள் என்பதும் அவனுக்கு விளங்கின. தூக்கி நிறுப்பதனால் தூக்கம். நிறுத்தலைக் குறிக்கும் தூக்கு என்ற சொல் தமிழிலும் உண்டு. அன்றாடப் பேச்சில் அது மங்கிவிட்டது. அவன் எடைக்கருவியில் ஏறினான். 88 கிலோ.

மூத்தோர் ஆண்கள் கபடியில் வரம்பு 85 கிலோ. அந்த வரம்புக்கு நியாயம் இல்லாமல் இல்லை. ஒருவர் மேல் நால்வர் விழும் ஆட்டம் அது. எடைக்கு எல்லை வைக்காவிட்டால் மெலிந்தவர்களுக்குக் களத்தில் இடமே இராது. ஆயினும் வரம்பைச் சுற்றி வளர்ந்திருக்கும் பேச்சு வேறு வகையானது. கூடுதலாக இருக்கும் 3 கிலோவை யாரும் வெறும் 3 கிலோவாகப் பார்ப்பதில்லை. சோம்பல், நாக்கைக் கட்டத் தெரியாமை, ஒழுக்கக் குறைவு என்றே அதற்குப் பெயர் வைக்கிறார்கள். விடுமுறை முடிந்து திரும்பிய அவனைப் பார்த்து, "வண்ணம் வச்சல்லோ" என்றார் விடுதிச் சமையற்காரர். வண்ணம் என்பது அங்கே பருமன். இந்த முறை அவன் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை.

அவனுடைய தந்தை சந்தையில் மூட்டை தூக்குபவர். அதே அகன்ற தோள், அதே தடித்த கணுக்கால், அதே வயிறு. வீட்டில் ஒருவரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. "நம்ம வீட்டு ஒடம்புவாகு அப்படி" என்பார் அம்மா. அறிவியல் அவரை முற்றிலும் மறுக்கவில்லை. மனிதர்களின் பி.எம்.ஐ. வேறுபாட்டில் ஏறக்குறைய 40 முதல் 70 விழுக்காடு வரை மரபணுக்களால் விளைவது என்று இரட்டையர், குடும்ப ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. இது ஒரு தனி மனிதனின் எடையில் இத்தனை பங்கு பிறப்பு, இத்தனை பங்கு உழைப்பு என்று பிரித்துத் தரும் கணக்கு அன்று. ஒரு கூட்டத்துக்குள் காணப்படும் வேறுபாடு பற்றிய கணக்கு. ஆனாலும், ஒரே சோற்றை உண்டு ஒரே மைதானத்தில் ஓடும் இருவர் ஒரே எடைக்கு வந்து சேர மாட்டார்கள் என்று சொல்ல அது போதும்.

எடை எதைச் சொல்கிறது என்பதும் ஐயத்துக்குரியதே. 2004இல் லான்செட் இதழில் புணே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் ஆய்வாளர் ஜான் யுட்கினும் தங்கள் இருவரின் படத்தையே வெளியிட்டார்கள். இருவரின் பி.எம்.ஐ.யும் 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. ஒரே எண்ணுக்குள் இரண்டு உடல்கள். தசை, சதை என்ற இரு சொற்களை எழுத்து நிலைமாற்றத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். எழுத்துகள் இடம் மாறிய ஒரே சொல்தான் அது. இன்றைய வழக்கிலோ தசை வலிமைக்குரியது, சதை ஏச்சுக்குரியது. எடைக்கருவிக்கு இந்த வேறுபாடு தெரியாது.

தொலைவில் பசிபிக் தீவுகளில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். ஆஸ்திரேலியாவின் தொழில்முறை ரக்பி லீக்கில் சமோவா, டோங்கா வம்சாவளி வீரர்கள் ஏராளம். 100 கிலோவைத் தாண்டிய முன்வரிசை வீரர் அங்கே இயல்பான காட்சி, பொதுவான பி.எம்.ஐ. அட்டவணையில் வைத்தால் அவர்களில் பலர் 'உடற்பருமன்' கட்டத்தில் விழுவார்கள். 2016இல் சமோவா மக்களிடம் நடந்த ஒரு பேராய்வு சி.ஆர்.இ.பி.ஆர்.எஃப். என்னும் மரபணுவின் ஒரு மாற்றுருவை அடையாளம் கண்டது. அதை உடையவர்களுக்கு பி.எம்.ஐ. கூடுதல், நீரிழிவு அபாயமோ குறைவு. மாவோரி, பசிபிக் ஆண்களிடம் பின்னர் நடந்த ஆய்வு, அதே மாற்றுருவைக் கூடுதல் தசைத்திரளோடு தொடர்புபடுத்தியது. ஒரு களத்தில் விலை பெறும் உடல் இன்னொரு களத்தின் வாசலில் திருப்பி அனுப்பப்படும்.

கழக்கூட்டத்துக்காரர்களுக்கு இந்தக் கதை புதிதன்று. காரியவட்டம் கிரிக்கெட் அரங்கின் விளக்குகள் எரியும் இரவுகளில் அங்கே அதிகம் பேசப்படும் பெயர் விழிஞ்ஞம் பக்கத்துச் சஞ்சு சாம்சனுடையது. 2018 ஐ.பி.எல். பருவத்தில் 441 ஓட்டங்கள் எடுத்த அவர், அடுத்த மாதமே யோ-யோ தேர்வில் தேறாமல் இந்தியா ஏ அணியின் இங்கிலாந்துப் பயணத்தை இழந்தார். அன்றைய தேர்ச்சி எல்லை 16.1, 20 மீட்டர் ஓடித் திரும்பி, சற்று இளைப்பாறி, வேகம் கூடக் கூட மொத்தம் 1,120 மீட்டர். அதே சாம்சன் 2024இல் அடுத்தடுத்த இரு பன்னாட்டு டி20 ஆட்டங்களில் சதம் அடித்த முதல் இந்தியர் ஆனார். தேர்வு பொய் என்று இதற்குப் பொருள் இல்லை. அது அன்றைய நாளின் மூச்சை அளந்தது, ஆட்டக்காரனை அளக்கவில்லை.

அந்தக் கபடி வீரனுக்கு இவற்றில் பாதி தெரியும். தெரிந்தும் போட்டிக்கு முந்தைய ஒன்றரை நாள் தண்ணீர் குடிக்கவில்லை. மழைச்சட்டைக்குள் மேலும் இரு சட்டைகள் அணிந்து வெயிலில் ஓடினான். வாயில் ஊறிய எச்சிலையும் துப்பினான். காலையில் 84.8. எல்லோரும் முதுகில் தட்டினார்கள். ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் எதிரணி ரைடரின் கணுக்காலைப் பற்றியவனுக்குக் கெண்டைக்கால் சுருட்டிக்கொண்டது. பிடி நழுவியது. இரண்டு புள்ளிகளில் தோல்வி. 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 கிராம் கூடுதலால் வினேஷ் போகாட் இறுதிப் போட்டியை இழந்தபோது நாடே அழுதது. எடையைத் தொட்டுவிட்டு ஆட்டத்தை இழப்பவர்களுக்காக அழ ஆள் இல்லை.

அன்றிரவு அவன் தந்தைக்குத் தொலைபேசினான். தோற்றதைச் சொன்னான், தண்ணீர் குடிக்காததையும் சொன்னான். நெடுநேரம் அமைதியாக இருந்த அவர், "மூட்டையக் காய வச்சா எடை கொறையும். நெல்லு பதரா போயிரும்யா" என்றார்.

இப்போது அவன் பருவம் தொடங்க மூன்று மாதம் முன்பே எடையைக் கவனிக்கத் தொடங்கிவிடுகிறான். 85க்குக் கீழே தன்னால் உடலை வருத்தாமல் நிற்க முடியாது என்று தெரிந்தால், எடை வரம்பற்ற ஊர்ப்போட்டிகளில் ஆடுவதாக முடிவு செய்திருக்கிறான். பயிற்சியாளரும் தம் குறிப்பேட்டில் எடைக்கு அருகே இடுப்பளவு, கொழுப்பு மடிப்பின் அளவு, உறங்கிய நேரம் என மூன்று பத்திகள் சேர்த்திருக்கிறார். கடைசிப் பத்திக்கு வரும்போது மட்டும் அவர் அவனைத் தமிழில் கேட்கிறார்: "தூக்கம் எவ்வளவு?"