பாதி இறக்கிய ஷட்டர்

காத்திவாக்கத்தில் நான் நடத்தும் லேத் பட்டறையில் ஒன்பது பேருக்கு மேல் ஆள் வைத்ததே இல்லை. வேலை இல்லாததால் அல்ல. 2025 வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், கரண்டில் மெஷின் ஓடும் இடத்தில் பத்துப் பேர் இருந்தால்தான் எட்டிப் பார்த்தது. பத்தாவது ஆள் செய்ய வேண்டிய வேலையை ஒன்பது பேரின் தூக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டேன்.

காலை எட்டு முதல் இரவு எட்டரை, நடுவே சாப்பாட்டுக்கு அரை மணி. வாரம் ஆறு நாள். டெலிவரி நெருக்கினால் ஞாயிறும் உண்டு. பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் அனுப்பும் கம்பெனிகளுக்கு நாங்கள் ஜாப் ஒர்க் செய்கிறவர்கள். மாலை ஐந்துக்கு போன் வரும்: "காலையில வண்டி அனுப்புறோம்." முடியாது என்றால் ஆர்டர் அடுத்த தெருவுக்குப் போய்விடும் என்று பயம். பயம் பொய்யில்லை. ஆனால் அந்தப் பயத்துக்காக நான் கண் விழித்தது கொஞ்சம், மற்றவர்களை விழிக்க வைத்தது அதிகம்.

ஓ.டி.க்குச் சட்டம் சொல்வது இரட்டைக் கூலி. நான் கொடுத்தது ஒற்றைக் கூலியும் ஒரு பிரியாணிப் பொட்டலமும். பொட்டலத்தை நீட்டும்போது என்னை வள்ளல் என்றே நினைத்துக்கொள்வேன்.

எர்ணாவூரிலிருந்து சைக்கிளில் வரும் பையன் ஒருவன், மதியம் சாப்பிட்டுவிட்டு லேத்துக்குப் பின்னால் அட்டையை விரித்துப் படுத்தவன் அப்படியே தூங்கிவிட்டான். சனிக்கிழமைச் சம்பளத்தில் அரை மணி நேரத்தைக் கழித்தேன். அவன் சண்டை போடவில்லை. "அண்ணே, அந்த அரை மணிய எட்டரைக்கு மேல செஞ்சு குடுத்துடறேன், காசு புடிக்காதண்ணே" என்றான். அதற்கும் சரி என்றேன்.

2023 ஏப்ரல் 21ஆம் தேதி, 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. எங்கள் தெரு டீக்கடையில் அதிகம் கத்தியவன் நான். அடுத்த சில நாளில் மசோதாவை நிறுத்திவைத்தார்கள். மே 1 அன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் முதல்வர் ஸ்டாலின் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் நாட்டின் முதல் மே தினத்தைக் கொண்டாடி அன்றோடு சரியாக நூறு வருடம். அந்தச் செய்தியை நான் செல்போனில் பார்த்தது பட்டறைக்குள் நின்றுகொண்டு. லீவு நாள் என்பதால் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன். உள்ளே லேத் ஓடிக்கொண்டிருந்தது. "ஜெயிச்சிட்டோம்டா" என்றேன். ஒருத்தனும் தலை நிமிரவில்லை.

அந்த மசோதாவாவது வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பை விட்டுவைத்தது. நாலு நாள் வேலை, மூணு நாள் ஓய்வு என்றார்கள். நான் அதை நம்பவில்லை, அது வேறு கதை. என் பட்டறைக் கணக்கு 72 மணி. வாரம் 55 மணியோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து, 35 முதல் 40 மணி உழைப்பவர்களைவிட 35 சதவீதம் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சொல்லின. எங்களுக்கு வியாழன் இரவே 48 முடியும். வெள்ளி பிற்பகல் டீ வரும் நேரத்தில் 55 தாண்டும்.

மனசாட்சி உறுத்தி நான் மாறவில்லை. நல்ல டர்னர் இரண்டு பேர் ஒரகடம் பக்கம் போய்விட்டார்கள். "சம்பளம் கம்மிதாண்ணே, ஆனா ஞாயித்துக்கெழம லீவு." கை தேர்ந்த ஆள் போனால் ஜாப் ரிஜெக்ட் ஆகும், காசு போகும். அப்போதுதான் எனக்கு ஓய்வின் அருமை தெரிந்தது.

இப்போது மாலை ஆறுக்கு மெயின் சுவிட்சை நானே அணைக்கிறேன். ஞாயிறு வேலை கிடையாது. பத்தாவது ஆளை இன்னும் சேர்க்கவில்லை. பழைய ஓ.டி. கணக்கு என் கையெழுத்திலேயே நோட்டுகளில் இருக்கிறது. வேலையை விட்டுப் போனவர்கள் யாருக்கும் அதில் ஒரு பைசாகூட நான் இதுவரை திருப்பிக் கொடுக்கவில்லை.