தாத்தா போட்ட ரோடு

"இத்தாலியில டேங்க் ஏறுற மாதிரி மலையில ரோடு போட்டோம்டா" என்பார் எங்கள் மிலிட்டரித் தாத்தா. என் தாத்தாவின் தம்பி. வேலூர் பக்கத்து ஊர். மிலிட்டரிக்காரர் வீட்டில் கேன்டீன் சாமானையும் பென்ஷனையும் விசாரிப்பார்களே தவிர, எந்த மலை என்று எவரும் கேட்டதில்லை.

அவர் காலமான பிறகு டிரங்குப் பெட்டியில் டிஸ்சார்ஜ் காகிதம் கிடைத்தது. ராணுவ எண், தொழில் மேஸன், மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையின் 12வது ஃபீல்டு கம்பெனி. கம்பெனி எண் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அது 4வது இந்திய டிவிஷனைச் சேர்ந்தது. அந்த டிவிஷன் 1944 பிப்ரவரி, மார்ச்சில் மாண்டே கஸினோவில் போரிட்டது.

இத்தாலிப் போர்முனையின் அன்றாடக் குறிப்பேடுகள் லண்டனில், கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இடம், தேதி, நேரம், நடந்தது என்று கட்டம் கட்டி எழுதியவை. அதிகாரிகளுக்குப் பெயர் இருக்கிறது; சிப்பாய்கள் வெறும் எண்ணிக்கை. கல் உடைத்தவன் பெயரை எழுத மட்டும் மை இல்லையா என்று எரிச்சலாக வந்தது. ஆளைத் தேடிப் போனால் கம்பெனிதான் கிடைக்கும். கம்பெனி நின்ற இடத்தில் நம் ஆளை நாமேதான் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அதற்கு வரைபடம் வேண்டும். குறிப்பேட்டில் இடத்தைக் குறிக்க வரும் ஆறு இலக்க எண்ணில் முதல் மூன்று கிழக்குப் பக்கமும், அடுத்த மூன்று வடக்குப் பக்கமும் எண்ணிப் போவதற்கு. போர்க்கால 1:25,000 வரைபடத்தில் அதை வைத்தால் நூறு மீட்டருக்குள் இடம் பிடிபடும். ஓயாமல் வரும் 'பாயின்ட் 593' என்பது மீட்டரில் குன்றின் உயரம். இன்றைய வரைபடத்தில் மாண்டே கால்வாரியோ என்று தேட வேண்டும்.

ரோமிலிருந்து ரயிலில் கஸினோ. அங்கிருந்து வடக்கே கைரா கிராமம். இருபதாயிரத்துக்கு மேற்பட்ட ஜெர்மானியர்கள் புதைக்கப்பட்ட கல்லறைத் தோட்டம் அங்கேதான். ஊரைத் தாண்டினால் மலைமேல் ஏறுகிறது கேவெண்டிஷ் ரோடு. 4வது டிவிஷன் சாப்பர்களும் நியூஸிலாந்துப் பொறியாளர்களும் மலைத்தடத்தை டேங்க் போகுமளவு அகலப்படுத்திய பாதை. இப்போது நடைப்பயணிகள் போகிறார்கள். மூச்சு வாங்கியது எனக்கு. முதுகில் தண்ணீர் பாட்டில் தவிரப் பாரமில்லை.

1944 மார்ச் 19 காலை இந்த வழியாக டேங்குகள் ஏறி, மாண்டே கஸினோ மடாலயத்துக்குப் பின்புறமுள்ள அல்பனெட்டா பண்ணை வரை போய்விட்டன. கூடவே காலாட்படை போகவில்லை. கண்ணிவெடியிலும் குறுகலான தடத்திலும் சிக்கிப் பல டேங்குகள் நாசமாக, மற்றவை திரும்பின. தாக்குதல் தோற்றது என்கின்றன புத்தகங்கள். சரிதான், ஆனால் ரோடு தோற்கவில்லை. ஏற வேண்டிய இடத்துக்கு அது டேங்கை ஏற்றிவிட்டது.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு காகிதம் கிடக்கலாம். பழைய பேப்பர்காரருக்குப் போடும் முன் ராணுவ எண்ணையும் கம்பெனி எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் குறிப்பேடுகளில் தேட முடியாது.