விலையில்லா இசை

இலவசமாய்க் கிடைப்பதை யாரும் மதிப்பதில்லை என்னும் எண்ணம் நம்மிடம் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. சென்ற கோடையில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சில வாரங்கள் தங்கியிருந்தபோது, ஒரு மாலையில் அவ்வேர் அசைந்தது.

சார்லஸ் நதிக்கரையில் சிம்பொனி இசை நிகழ்ச்சி என்று கேள்வியுற்றுச் சென்றோம். நுழைவுச் சீட்டு எங்கே பெறுவது என வினவியபோது, ஒருவர் புன்னகையோடு புல்வெளியைக் காட்டினார். விரிப்புகளில் குடும்பங்கள் அமர்ந்திருந்தன. நாமும் அமர்ந்தோம்.

இவ்வழக்கத்தைத் தொடங்கியவர் ஆர்தர் ஃபீட்லர். பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவில் வயோலா வாசித்தவர். அரங்கக் கட்டணம் செலுத்த இயலாதோரும் நல்லிசை கேட்க வேண்டுமென விரும்பினார். பொருள் திரட்டி, 1929 ஜூலை 4 அன்று இக்கரையில் முதல் இலவச நிகழ்ச்சியை நடத்தினார். இன்றுள்ள, சிப்பிபோல் குவிந்த ஹாட்ச் நினைவு மேடை 1940இல் எழுந்தது. ஒரு பெண்மணி தம் சகோதரர் நினைவாக விட்டுச்சென்ற பொருளால் அமைந்தது. நாம் கேட்ட லேண்ட்மார்க்ஸ் இசைக்குழு 2001இல் தொடங்கப்பட்டது. அதுவும் கட்டணம் கேட்பதில்லை. நமக்கு இலவசமாய் வந்ததற்கு வேறு யாரோ விலை கொடுத்திருந்தனர்.

ஒரு கட்டத்தில் வயலின்கள் மிகத் தணிந்தன. ஒலியைத் தடுத்துத் தர அங்கே சுவர்கள் இல்லை. அருகிலுள்ள விரைவுச் சாலையின் இரைச்சல் மேலெழுந்தது. உடனே பேசிக்கொண்டிருந்தோர் பேச்சை நிறுத்தினர். ஒரு தாய் தன் குழந்தையின் இதழ்மேல் விரல் வைத்தாள். அதட்டுவார் எவருமின்றி அப்பெருங்கூட்டம் செவிசாய்த்தது. காசு கொடாதவர்கள் கவனத்தைக் கொடுத்தார்கள்.

அவ்வமைதியில் ஒரு சிறுவனின் முகம் நம்முன் வந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றிய பங்கில் பிள்ளைகளுக்கு மாலைதோறும் ஆர்மோனிய வகுப்பு நடந்தது. 'பொறுப்பு வரட்டும்' என்று மாதம் முப்பது ரூபாய் விதித்தோம். பீடி சுற்றும் தாய் ஒருத்தியின் மகன், அனைவரிலும் விரல் நன்கு படிந்தவன், வராமல் நின்றுவிட்டான். ஆர்வம் குன்றிவிட்டது என்றே கருதினோம். பின்னொரு நாள், வகுப்பறைச் சாளரத்தின் கீழே அவன் நின்று கேட்டுக்கொண்டிருக்கக் கண்டோம். நம்மைக் கண்டதும் ஓடினான். நாம் அழைக்கவில்லை.

இப்போதைய நம் பங்கில் இசை வகுப்புக்குக் கட்டணம் இல்லை. வரும் பிள்ளைகள் ஒழுங்காகவே கற்கிறார்கள். வகுப்பு நடக்கும் வேளையில் சாளரத்தின் வெளிப்புறத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வருவது நமக்கு வழக்கமாகிவிட்டது. அந்தச் சிறுவன் இன்று முப்பதைக் கடந்திருப்பான்.