புது முதல்வரும் வாசலுக்கு வெளியே உள்ள ஊரும்

மர்பி டவுன், பெங்களூர், ஜூன் 3

இடமாற்ற உத்தரவுகளின் பருவம் இது. அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் (ஐ.டி.ஐ.) ஒன்றுக்குப் புதிதாக முதல்வராக வருகிறவர் முதல் வாரத்தில் எதைப் புரட்டுவார் என்பதை ஊகிப்பது கடினமல்ல: இருப்புப் பதிவேடு, வருகைப் பதிவேடு, காலிப் பணியிடப் பட்டியல், முன்னவர் அனுப்பாமல் விட்டுப்போன பயனீட்டுச் சான்றுகள். தணிக்கைக்காரர் கேட்பது இவற்றைத்தான், ஆகவே குறை சொல்வதற்கில்லை. ஆனால் அவர் முதலில் படிக்க வேண்டியது வளாகத்துக்கு வெளியே உள்ள ஊரை என்பது என் கட்சி. எந்தப் பட்டறையில் எந்த இயந்திரம் ஓடுகிறது, எந்தத் தொழிற்சாலை ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டது, ஃபிட்டர் முடித்துப் போன பையன்கள் இப்போது உண்மையில் என்ன வேலை பார்க்கிறார்கள் என்பதெல்லாம் தெரியாத முதல்வர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும், நன்றாக நடக்கும் ஓர் அலுவலகத்தைத்தான் உண்டாக்க முடியும். பயிற்சி நிலையத்தை உண்டாக்க முடியாது.

ஜூன் 5

இதற்குச் சாட்சியாகப் பொறியியல் ஆசிரியர் ஆல்ஃபிரட் சாட்டர்டனை அழைக்கலாம். 1912-இல் மைசூர் அரசு தன் தொழில்துறைக்கு இயக்குநராக ஏற்றுக்கொண்டதால் பெங்களூருக்கும் உரியவர்தான். அதற்கு முன்பே, 1890களின் கடைசியில், சென்னைக் கலைப்பள்ளியின் பொறுப்பு அவரிடம் வந்தது. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளி அது. விரைவிலேயே கைத்தொழிலும் கற்பித்தது. சாட்டர்டன் 1898-இல் அங்கே அலுமினியப் பாத்திரம் செய்ய ஏற்பாடு செய்தார். உலோகம் புதிது, கைகள் பழையவை: பித்தளையும் செம்பும் தட்டிப் பழகிய கன்னார்களின் சுத்தி அலுமினியத் தகட்டிலும் அப்படியே செல்லும் என்று அவர் கணித்தார். கணக்குப் பலித்தது. சில ஆண்டுகளில் அந்த வேலை தனியார் நிறுவனம் ஒன்றின் கைக்குப் போனது. தென்னிந்திய வீடுகளில் அலுமினியம் நுழைந்த கதையின் முதல் அத்தியாயம் ஒரு பள்ளிப் பட்டறையில்தான் எழுதப்பட்டது.

இங்கே ஒருவர் மறிக்கலாம். வந்த வேகத்தில் சாதித்தவரைக் காட்டி ‘முதலில் ஊரைப் படி’ என்று எப்படிச் சொல்வது? உண்மைதான், அவர் காத்திருக்கவில்லை. ஆனால் 1888 முதலே சென்னையில் பொறியியல் கற்பித்துக்கொண்டிருந்தவர் அவர். நாற்காலிதான் புதிது, ஊர் புதிதல்ல. வெளியூரிலிருந்து மாற்றலாகி வருகிறவருக்கு அந்தப் பத்தாண்டு முன்னறிவு கிடையாது. அதை எங்கிருந்தாவது கடன் வாங்கித்தான் ஆக வேண்டும்.

ஜூன் 9

வலுவான எதிர்வாதம் பணத்தைப் பற்றியது. திட்டப் பணம் கெடுவோடு வருகிறது. முதல்வர் ஊர் சுற்றிக்கொண்டிருந்தால் நிதியாண்டு முடிந்துவிடும் என்பார்கள். கர்நாடகத்தில் டாட்டா டெக்னாலஜிஸ் கூட்டோடு 150 அரசு ஐ.டி.ஐ.கள் புதுப்பிக்கப்பட்டு 2022 ஜூனில் திறக்கப்பட்டன. செலவு 4,700 கோடி ரூபாயைத் தொட்டது. தமிழ்நாட்டில் அதே வழியில் 71 நிலையங்கள், சுமார் 2,877 கோடி. 2025 மே மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட திட்டம் இன்னும் பெரியது: 1,000 நிலையங்கள், 60,000 கோடி. இவ்வளவு வரும்போது ஓடிப் பிடிக்காமல் இருக்க முடியுமா?

ஓடிப் பிடித்த கதையும் நம்மிடம் இருக்கிறது. 2007-இல் தொடங்கிய திட்டத்தில் 1,396 அரசு ஐ.டி.ஐ.களுக்குத் தலா இரண்டரைக் கோடி வரை வட்டியில்லாக் கடன் கிடைத்தது. ஒவ்வொன்றுக்கும் தொழிலதிபர் ஒருவர் தலைமையில் நிர்வாகக் குழு. ஊரை உள்ளே கொண்டுவருவதுதான் அதன் நோக்கமே. ஆனாலும் பல நிலையங்களில் அந்தப் பணம் நெடுநாள் வங்கியில் வைப்புநிதியாகக் கிடந்தது. கடன் என்ற பயமும் விதிகளின் சிக்கலும் காரணங்கள்தாம். என்றாலும் என் கணிப்பில் பெரிய காரணம், எதை வாங்கினால் பக்கத்துப் பட்டறைக்காரன் நம் பையனைக் கூப்பிடுவான் என்று உறுதியாகச் சொல்ல உள்ளே ஆளில்லாமல் போனது. குழுவில் பெயர் இருப்பதும் ஊர் தெரிந்திருப்பதும் ஒன்றல்ல. இப்போது வரும் புது இயந்திரங்களுக்கும் இது பொருந்தும். சி.என்.சி.யும் ரோபோ கையும் கிட்டத்தட்ட ஒரே தொகுப்பாக எல்லா நிலையங்களுக்கும் வந்து இறங்குகின்றன. பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகளை அறிந்த முதல்வர் அவற்றை யாருடைய வேலைக்கு இணைப்பது என்று யோசிப்பார். அறியாதவர் உறை போட்டு மூடி வைப்பார்.

ஜூன் 12

இன்னொரு ஆட்சேபம் எனக்கே தோன்றுவது. பக்கத்துத் தொழிற்சாலைக்கென்று ஆள் தயாரித்தால், அது மூடும் நாளில் என்ன கதி? பழைய மெட்ராஸ் ரோட்டில் கிழக்கே போனால் பையப்பனஹள்ளியில் என்.ஜி.இ.எஃப். 1956-இல் தொடங்கி, மின்மாற்றியும் மோட்டாரும் செய்து, 2002-இல் அடங்கிப்போன அரசு ஆலை. ஹெச்.எம்.டி. கைக்கடிகார ஆலைகள் மூடப்பட்டதும் தெரிந்ததே. தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த மர்பி டவுன் போன்ற பகுதிகளில் பொதுத்துறை வேலை என்பது ஒரு தலைமுறையின் கனவு. அடுத்த தலைமுறை அதை நம்பியிருந்தால் தெருவில்தான் நின்றிருக்கும். ஆனால் இது என் கட்சிக்கு எதிரான சாட்சியமல்ல. ஊரைப் படிப்பது என்றால் எது சாய்கிறது என்பதையும் சேர்த்துப் படிப்பது. அதே பையப்பனஹள்ளியில் மெட்ரோ பணிமனை வந்தது. 2011 அக்டோபரில் அங்கிருந்து அல்சூர் வழியாக எம்.ஜி. ரோடு வரை ரயில் ஓடியது. மின்பணியாளர் பயிற்சியில் எந்தப் பகுதிக்கு அழுத்தம் தர வேண்டும் என்பதை அந்த ஒரு மாற்றமே ஓரளவு சொல்லிவிடும். அதைக் கவனிக்க வேண்டியவர் வாசலுக்கு வெளியே பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஜூன் 15

எஞ்சுவது இடமாற்றம். சென்னைக் கலைப்பள்ளியில் சிற்பி தேவிபிரசாத் ராய் சௌத்ரி 1929-இல் தலைமைப் பொறுப்புக்கு வந்து ஏறக்குறைய முப்பது ஆண்டு இருந்தார். இன்றைய முதல்வருக்கு அதில் பத்தில் ஒரு பங்கு கிடைத்தால் அதிகம். பல இடங்களில் பக்கத்து நிலையத்தின் ‘கூடுதல் பொறுப்பு’ வேறு. ஊரைப் படித்து முடிப்பதற்குள் உத்தரவு வந்துவிடும் என்பது நியாயமான பேச்சு. ஆனால் அந்தப் படிப்பு முதல்வரிடம் இல்லாவிட்டாலும் நிலையத்தில் இருக்கிறது: பல ஆண்டுகளாக அதே பட்டறையில் நிற்கும் ஜே.டி.ஓ.க்களிடம் (இளநிலைப் பயிற்சி அலுவலர்களிடம்). பழைய மாணவன் எந்தக் கடையில் வெல்டிங் செய்கிறான், எந்த முதலாளி அப்ரண்டிஸ் பையனைத் தேநீர் வாங்க மட்டும் அனுப்புகிறான் என்பது அவர்களுக்குத் தெரியும். யாரும் கேட்டு எழுதி வைப்பதில்லை. பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் சாவிக்கொத்து, காசோலைப் புத்தகம், கழிவுச் சாமான்கள் எல்லாம் இடம்பெறுகின்றன. அதோடு இந்த விவரங்களுக்கும் இரண்டு பக்கம் ஒதுக்கலாம். அதுவும் நிரப்பிக் கட்டிவைக்கும் இன்னொரு படிவமாகிவிடும் என்று சிலர் சிரிப்பார்கள். சில இடங்களில் ஆகும். அடுத்து வருகிறவர் அந்தப் பக்கங்களைத் திறந்து, எழுதிய ஜே.டி.ஓ.வைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்கும் இடங்களில் ஆகாது.