பிடித்துக்கொள்ள ஓர் ஆள்

கிராங்க் புல்லியைக் கழற்றுவது இரண்டு பேர் வேலை. ஒருவர் எஞ்சின் சுழலாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொருவர் நடுவிலுள்ள போல்ட்டைத் திருப்ப வேண்டும். பிடிக்க ஆளில்லாவிட்டால் போல்ட்டோடு புல்லியும், புல்லியோடு கிராங்க் ஷாஃப்டும், உள்ளே பிஸ்டன்களும் சேர்ந்து சுற்றும். போல்ட் மட்டும் மயிரிழைகூட இளகாது.

மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டை ஒட்டிய புறநகரில் குடியிருக்கிறோம். எங்கள் வேனுக்கு டைமிங் பெல்ட் மாற்றும் காலம் வந்தது. ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதிக்கொள்ளும் ரக எஞ்சின் அது, தள்ளிப்போட முடியாது. பெல்ட் ஒரு மூடிக்குப் பின்னால் இருக்கிறது, அந்த மூடியை எடுக்க முதலில் புல்லி வர வேண்டும். பட்டறையில் சொன்ன தொகையில் சாமான் விலை கொஞ்சம்தான், மீதியெல்லாம் கூலி. அமெரிக்காவில் வீட்டு கராஜில் ஸ்பேனர் பிடிக்கிறவர்களைச் சுயசார்புக்காரர்கள் என்று புகழ்வார்கள். பாதிப்பேர் என்னைப் போல மணிக்கூலியைக் கேட்டு மிரண்டு வந்தவர்கள் என்பது என் எண்ணம்.

நான் ஜவ்வாது மலைக்காரன். ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு இறங்கும் ஜீப்புகளில், சாமை மூட்டைக்கும் புளி மூட்டைக்கும் நடுவே கால் மடக்கி உட்கார்ந்து வளர்ந்தவன். கொண்டை ஊசி வளைவில் வண்டி நின்றுவிட்டால் யாரும் சொல்லாமலே ஒருவர் சக்கரத்துக்குக் கல் வைப்பார். ஒருவர் ஓடையிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் கொண்டுவருவார். மூன்று பெரியவர்கள் பானெட்டுக்குள் தலையை விட்டு மூன்று விதமாகக் கோளாறு சொல்வார்கள். ஓட்டுநர் யாருடையதையும் கேட்கமாட்டார். பழைய பெட்ரோல் ஜீப்புகளில் முன்பம்பர் வழியாக ஹேண்டில் விட்டுச் சுற்றி எஞ்சினைக் கிளப்பலாம். அந்த ஹேண்டில் போய்க் கவ்வுவது கிராங்க் புல்லியின் நடு நட்டைத்தான். மனிதக் கை எஞ்சினைத் தொடுவதற்கென்றே விட்டுவைத்த இடம் அது. எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும் என்பதால் கட்டைவிரலை மடக்கிப் பிடிக்கக் கூடாது என்று கிளீனர்களுக்கு முதல் பாடமே சொல்லிக்கொடுப்பார்கள்.

அந்த உதையிலிருந்து உலகத்தைக் காப்பாற்றியது டெட்ராய்ட்தான். சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின் ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டு கேடிலாக் காரில் வந்தது. ஹேண்டில் சுற்றும் ஆளுக்கு வேலையில்லாமல் போயிற்று.

டெட்ராய்ட் எனக்குச் செய்த உபகாரம் வேறு. ஊருக்கு அடியில் ஆயிரம் அடிக்கும் கீழே உப்புச் சுரங்கம் இருக்கிறது. பனிக்காலத்தில் சாலையில் கொட்டுகிற உப்பு அங்கிருந்தும் வருகிறது. அது வண்டியின் அடியில் ஏறி, பத்துப் பன்னிரண்டு குளிர்காலங்களில் எல்லா மரையையும் துருவால் பற்றவைத்துவிடும். துரு இல்லாமலேயே எங்கள் போல்ட்டின் இறுக்கம் 180 அடி-பவுண்டு. ஓரடி நீளக் கம்பியின் நுனியில் 82 கிலோ ஆள் தொங்கினால் வரும் முறுக்குவிசை அது. கழற்ற அதைவிட எவ்வளவோ கூடுதலாக வேண்டும்.

குறுக்கு வழி ஒன்று உண்டு. சாக்கெட்டில் நீளக் கம்பியை மாட்டி, கம்பியைத் தரையில் முட்டுக்கொடுத்து, ஸ்டார்ட்டரை ஒரு தட்டு தட்டினால் எஞ்சினே தன் போல்ட்டைக் கழற்றிவிடும். கம்பி நழுவிப் பறந்தால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. எதிர்த்திசையில் சுழலும் எஞ்சின்களில், ஹோண்டாவின் பழைய நாலு சிலிண்டர் வகைகள் பல அப்படித்தான், போல்ட் இன்னும் இறுகும். கெட்டரிங் எதைத் தடுக்க ஸ்டார்ட்டரைச் செய்தாரோ அதையே ஸ்டார்ட்டரால் வரவழைப்பதில் எனக்கு விருப்பமில்லை.

போளூரில் பட்டறை வைத்திருக்கும் அண்ணனை வீடியோவில் கூப்பிட்டேன். புல்லியை உற்றுப் பார்த்தார்.

“இன்னா தம்பி, அமெரிக்காவுல ஒரு பையன் கெடைக்கலியா உனக்கு?”

பையன் என்றால் பிடித்துக்கொள்கிறவன். எந்தப் பட்டறையிலும் இருப்பான். அவன் கடப்பாரையை மாட்டிப் பிடிப்பான், அண்ணன் ஸ்பேனரில் பைப்பை விட்டு மிதிப்பார். அந்தப் பையன்களை எனக்குத் தெரியும். மலையிலிருந்து படிப்பை விட்டு இறங்கியவர்கள், என் வகுப்பில் இருந்தவர்களும் உண்டு. டீயும் சாப்பாடும் கிடைக்கும், கூலி என்று பெரிதாக ஒன்றும் இருக்காது, தொழில் கற்றுக்கொள்வதே கூலி. ஊரில் உதவிக்கு ஆள் மலிந்திருந்ததாக நாங்கள் இங்கே உருகிப் பேசுகிறோமே, அந்த மலிவில் இவர்களும் அடக்கம். சில விலக்குகள் போக, 14 வயதுக்குக் கீழ் யாரையும் எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்று சட்டம் திருத்தப்பட்டது 2016-இல்தான்.

இங்கே பையனைக் கடையில் இரும்பாகத் தருகிறார்கள். புல்லியின் நடுவிலுள்ள அறுகோணக் குழியில் கச்சிதமாக உட்காரும் பிடிகருவி. ஆட்டோசோன் போன்ற கடைகளில் முன்பணம் கட்டி இரவல் வாங்கலாம், திருப்பிக் கொடுத்தால் பணம் முழுதாகத் திரும்பும். கருவியின் கம்பியைச் சட்டத்தில் முட்டவைத்து, போல்ட்டில் நீளக் கம்பி மாட்டி, அதன் மேல் ஜாக்கியின் பைப்பையும் விட்டு மொத்த உடம்பையும் சாய்த்தேன். துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம், போல்ட் இளகியது. எங்கள் எஞ்சினில் அதற்குப் பிறகு புல்லி கையோடு வந்துவிடும். புல்லர் போட்டு இழுக்கும் வகை என்றால் வெளிவளையத்தைக் கவ்வி இழுக்கக் கூடாது. அதிர்வைத் தாங்க உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே ரப்பர் இருக்கிறது, அது பிய்ந்தால் புதுப் புல்லிதான்.

பெல்ட் மாற்றித் திரும்ப இறுக்கும்போது டார்க் ரிஞ்சில் இரண்டு கையும் வேண்டியிருந்தது, பிடிகருவியோ நழுவிக்கொண்டே இருந்தது. உள்ளே படித்துக்கொண்டிருந்த மகளைக் கூப்பிட்டேன். கையுறை கேட்டு மாட்டிக்கொண்டாள், இடுப்பால் கம்பியை அணைத்து அசையாமல் பிடித்தாள். ரிஞ்சு ‘டிக்’ என்றதும் கையுறையைக் கழற்றியபடி, பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள மணிக்கு என்ன வாங்குகிறாளோ அதையே என்னிடமும் கேட்டாள். அரை மணிகூட ஆகவில்லையே என்றேன். முழு மணிக்குத்தான் கணக்கு என்றாள். கொடுத்தேன்.