அண்ணனின் கான்டெஸாவும் ஒரு வட்டிக் கணக்கும்



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். பெயர் வேண்டாம். எட்டாம் வகுப்பில் என்னிடம் கணக்கு படித்தவர். இப்போது சென்னையில் நல்ல வேலை.

"சார், 2003 மாடல் பென்ஸ் கூபே ஒண்ணு எட்டு லட்சத்துக்கு வருது. ரெண்டே கதவுதான். இதெல்லாம் இனிமே கிளாசிக், பத்து வருஷம் வச்சிருந்தா விலை எங்கயோ போயிரும்ங்காங்க. மக காலேஜுக்குப் போட்டு வச்ச பணம் இருக்கு. வாங்கலாமா?"

நான் ஓட்டியது சைக்கிளும் டி.வி.எஸ். 50-ம்தான். என்னிடம் ஏன் கேட்டார் என்றால், எங்கள் பெரியப்பா மகன் அண்ணனின் கான்டெஸாவை அவர் பார்த்திருக்கிறார். கோவில்பட்டியில் உங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள்.

அண்ணன் தீப்பெட்டி ஆபீஸ் நடத்தியவர். தொழில் நன்றாக ஓடிய காலத்தில் வாங்கிய வெள்ளைக் கார் அது. கான்டெஸா என்பது இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் காரை ஒட்டி இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1980-களில் கொண்டுவந்தது. முதலில் அம்பாசடரின் என்ஜினைத்தான் அதில் வைத்தார்கள். அவ்வளவு பெரிய உடம்புக்கு அது போதவில்லை. பிறகு ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் என்ஜின் வந்தது. 2002-ல் உற்பத்தி நின்றது.

அதற்குள் அண்ணனுக்குத் தொழில் படுத்துவிட்டது. ஒருவர் வீடு தேடி வந்து காரை நல்ல விலைக்குக் கேட்டார். மகள் படிப்புச் செலவுக்கு ஆகும், கொடுத்துவிடுங்கள் என்றார் மதினி. அண்ணன் என்னைப் பார்த்தார். "இனி இந்தக் கார் வராதுண்ணே. வச்சிருந்தா விலை ஏறும்" என்று சொன்னவன் நான்தான். எங்கேயோ படித்த அரைகுறை அறிவு.

மதினியின் தாலிச் சங்கிலி அடகுக்குப் போனது. கார் ஷெட்டுக்குப் போனது. எலி வயரைக் கடித்தது. ஓடாமல் நின்றே டயர் வெடித்தது. ரப்பர் பாகங்கள் உளுத்தன, சாமான் கிடைக்கவில்லை. ஆர்.சி.யும் காலாவதியானது. கடைசியில் பழைய இரும்புக் கடைக்காரர் எடை போட்டு எடுத்துப் போனார். சங்கிலி திரும்பவே இல்லை. மதினி இன்றுவரை என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. நன்றாகப் பராமரித்த கான்டெஸாவைத் தேடி வாங்குகிறவர்கள் இன்று இருக்கிறார்கள். 1955-ல் இரண்டே இரண்டு செய்த மெர்சிடிஸ் பந்தயக் கூபேயில் ஒன்று, 2022-ல் 13.5 கோடி யூரோவுக்கு விற்றது. நம் பணத்தில் ஆயிரம் கோடிக்கு மேல். உலகிலேயே அதிக விலைக்கு ஏலம் போன கார் அதுதான். ஆனால் அப்படி இருந்தது இரண்டுதான். இவர் பார்த்தது போன்ற காரைக் கம்பெனி வரிசையாகச் செய்து தள்ளியது. பழசாவது எல்லாம் அரிதாகிவிடாது.

சட்டமும் பார்க்க வேண்டும். 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டினால்தான் 'வின்டேஜ்'. இந்தக் கார் 2053-ல்தான் அந்தத் தகுதிக்கு வரும். அதுவரை சாதாரணப் பழைய கார்தான். 15 வருஷத்துக்குப் பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டியின் ரப்பர் குழாய்கள் அதற்காகச் செய்தவை அல்ல.

இனி கணக்கு. எட்டு லட்சத்தை 7 சதவீதக் கூட்டு வட்டியில் போட்டால் பத்து வருஷத்தில் ஏறக்குறைய 15 லட்சத்து 70 ஆயிரம். காருக்கு இன்சூரன்ஸ், பேட்டரி, டயர், ரிப்பேர் என்று வருஷம் 60 ஆயிரம் வைப்போம். பென்ஸுக்கு இது குறைவுதான். அதையும் வருஷாவருஷம் அதே வட்டியில் போட்டிருந்தால் 8 லட்சத்து 29 ஆயிரம். மொத்தம் 24 லட்சம். ஆக, காரை மூன்று மடங்கு விலைக்கு விற்றால்தான் பேங்கில் சும்மா கிடந்த பணத்துக்குச் சமம். அதற்கு மேல் வந்தால்தான் லாபம்.

இதை அவரிடம் சொன்னேன். "ஆசைக்கு வாங்குறதுன்னா வாங்கு. நிழல் இருக்கா, கைதேர்ந்த மெக்கானிக் இருக்காரா, பேப்பர் சுத்தமா இருக்கா, ஒரிஜினல் பாகம் மாறாம இருக்கான்னு பாரு. ஆனா அது உன் உபரிப் பணமா இருக்கணும். மக பணத்துல கை வைக்காதே. வானம் பார்த்த கரிசல்ல விதைச்சவன் பேரன் நீ. விதைப்பருத்தியை வித்து யாரும் தேர் பார்க்கப் போக மாட்டான்." அவரிடம் மதினி சங்கிலிக் கதையையும் மறைக்காமல் சொன்னேன்.

நேற்று மறுபடி கூப்பிட்டார். காரை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்துவிட்டாராம். பணம் பேங்கிலேயே இருக்கிறது. விடுமுறையில் மகளோடு கோவை போய் ஜி.டி. கார் மியூசியத்தைப் பார்க்கப் போகிறாராம். மனசு நிறைந்தது.

அண்ணன் இப்போது இல்லை. அந்த வெள்ளைக் காரில் மாப்பிள்ளை அழைப்புக்குப் போனவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. யாரிடமாவது போட்டோ இருந்தால் அனுப்புங்கள். மதினிக்குக் காட்ட வேண்டும்.

வாழ்க வளமுடன்.